கட்டிலுக்கடியில் ஒரு பெண்

எங்கள் வீட்டுக்கு வீசிடி பிளேயர் வந்த புதிதில் அப்பா நடைபாதைக் கடையில் பேரம் பேசி வாங்கி வந்தவற்றில் ஒன்று சாப்ளின் குறும்படத் தொகுப்பு. அட்டையில் தொப்பி, தடி, ஒட்டு மீசையோடு அவர் மட்டும். உள்ளே ஏழெட்டுப் படங்கள். எல்லாவற்றிலும் கோடு விழுந்திருந்தது, எறும்புப் புற்றைக் கலைத்துவிட்டதுபோல் எல்லோரும் ஓடினார்கள். அதில் ஒரு படம் ஹோட்டலில் நடக்கும். குடித்துவிட்டுத் தள்ளாடும் சாப்ளின், நாய் வைத்திருக்கும் ஒரு பெண். இரவு உடையில் அவள் அறைக்கு வெளியே வர, கதவு சாத்திக்கொள்கிறது. தாழ்வாரத்தில் குடிகாரன் துரத்துகிறான். எதிர் அறைக்குள் புகுந்து கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்கிறாள். அது இன்னொருவரின் அறை.

அத்தை கீரை ஆய்ந்துகொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். "சார்லி கிடக்கட்டும், கட்டிலுக்கடியில கிடக்காளே, அந்தப் பொண்ணு யாருடி?" என்று கேட்டார். அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். அவள் பெயர் இல்லை. "அவளுக்கும் சம்பளம் குடுத்திருப்பாங்கல்ல, பேரைப் போட்டா என்னவாம்?" என்றார் அத்தை.

அந்தப் பெண்ணின் பெயர் மேபல் நார்மண்ட் என்று தெரிந்துகொள்ளவே எனக்குப் பல வருடங்கள் ஆயின. இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. அந்தப் படத்தின் தலைப்பிலேயே அவர் பெயர் இருக்கிறது: 'மேபல்ஸ் ஸ்ட்ரேஞ்ச் பிரெடிகமென்ட்'. மேபல் மாட்டிக்கொண்ட விசித்திரச் சங்கடம் என்று சொல்லலாம். 1914 பிப்ரவரியில் வந்தது. சாப்ளின் அந்தத் தொளதொளக் கால்சட்டையையும் சின்னத் தொப்பியையும் முதன்முதலில் மாட்டிக்கொண்டு கேமரா முன் நின்றது இந்தப் படத்துக்காகத்தான். (இதற்கு அப்புறம் எடுத்த ஒரு கார்ப் பந்தயப் படம் இரண்டு நாள் முந்தி வெளியானதால் 'முதல்' என்ற பட்டம் அதற்குப் போய்விட்டது.) படத்தை இயக்கியவர் மேபல். அப்போது அவருக்கு வயது 21.

உலகத்துக்கே தெரிந்த அந்த நாடோடி முதல்முறை நடந்துவந்தபோது எதிரில் நின்று நடித்தவரும், அந்தப் படத்தை இயக்கியவரும் ஒரே பெண். வீசிடி அட்டையில் அதற்கு இடமில்லை.

மேபல் பிறந்தது 1892 நவம்பரில், நியூயார்க் நகரத்தின் ஸ்டேட்டன் தீவில். தந்தை தச்சு வேலை செய்தவர், பியானோவும் வாசிப்பார். தாய் ஐரிஷ் வழி வந்தவர். வீட்டில் காசு தட்டுப்பாடு. கடற்கரை ஊர் என்பதால் சின்ன வயதிலேயே நன்றாக நீந்தக் கற்றுக்கொண்டார், பின்னால் சோறு போட்டதில் அந்த நீச்சலுக்கும் பங்கு உண்டு. பதின்பருவத்தில் ஓவியர்களுக்கு முன்னால் மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்து சம்பாதித்தார். சார்லஸ் டேனா கிப்சன், ஜேம்ஸ் மாண்ட்கோமரி ஃபிளாக் போன்ற பெரிய பத்திரிகை ஓவியர்கள் அவரை வரைந்திருக்கிறார்கள்.

ஓவியருக்கு உட்கார்ந்ததைவிடப் படத்தில் ஓடியாடினால் கூடுதல் காசு. வைட்டகிராஃப், பயோகிராஃப் என்று நியூயார்க்கின் அன்றைய கம்பெனிகளில் மாறி மாறி நடித்தார். பயோகிராஃபில் இயக்குநர் கிரிஃபித் அவரைச் சோகப் படங்களிலும் போட்டுப் பார்த்தார். 1912இல் வந்த 'த மெண்டர் ஆஃப் நெட்ஸ்' என்ற மீனவக் கதையில் மேரி பிக்ஃபோர்டு நல்லவள், மேபல் கைவிடப்பட்டவள். நன்றாகத்தான் செய்திருக்கிறார். ஆனால் அதே கம்பெனியில் நகைச்சுவைப் படம் எடுத்துக்கொண்டிருந்த மாக் செனட் என்ற கனடாக்காரர் இந்தப் பெண்ணிடம் வேறொன்றைக் கண்டுகொண்டார். பயம் என்பதே கிடையாது. மலையிலிருந்து தண்ணீருக்குள் குதி என்றால் குதிப்பார். குதிரையில் ஏறு என்றால் ஏறுவார்.

விமானத்திலும் ஏறினார். 1912 ஜூனில் வந்த 'எ டேஷ் த்ரூ த கிளவுட்ஸ்' படத்தில் மேபலுக்குப் பறப்பதில் பைத்தியம், காதலன் சூயிங்கம் விற்பவன், தரையை விட்டுக் கிளம்பப் பயப்படுகிறவன். அன்றைய விமானம் எப்படி இருக்கும்? துணி போர்த்திய இரண்டு இறக்கை, நடுவில் திறந்தவெளி இருக்கை, கால் அந்தரத்தில் தொங்கும். பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டிய ஃபிலிப் பார்மலீ நிஜ விமானி. படம் திரைக்கு வருவதற்குள் வேறொரு பறத்தலில் விழுந்து இறந்துபோனார். இது தெரிந்தபின் அந்தப் படத்தில் மேபல் சிரித்துக்கொண்டே ஏறி உட்காரும் இடத்தைப் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது.

அதே 1912இல் செனட் பயோகிராஃபை விட்டு விலகிக் கீஸ்டோன் கம்பெனியைத் தொடங்கினார். லாஸ் ஏஞ்சலஸின் ஈடன்டேல் பகுதியில் இடம். செப்டம்பரில் வந்த முதல் வெளியீட்டிலேயே மேபல் நீச்சல் உடையில் குதித்தார். கீஸ்டோனில் கதை என்று பெரிதாக எதுவும் இருக்காது. ஊரில் ஊர்வலம் நடக்கிறதா, கேமராவைத் தூக்கிக்கொண்டு போ. கார்ப் பந்தயமா, நடிகர்களைக் கூட்டத்துக்குள் விடு. எங்காவது தீப்பிடித்தால் அதற்கும் போ. ஒரு சுருள் என்றால் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடும், வாரா வாரம் புதுப்படம் போயாக வேண்டும்.

ஊமைப்படக் கதாநாயகி என்றாலே பலருக்கும் நினைவில் வருவது ஒரே படம்: முறுக்கு மீசை வில்லன் ஒரு பெண்ணைத் தண்டவாளத்தில் கட்டிப்போட, ரயில் வருகிறது. அந்தக் காலத்தில் இதையெல்லாம் சீரியஸாக எடுத்திருக்கிறார்கள் பார் என்று சிரிப்போம். 1913இல் அப்படித் தண்டவாளத்தில் கட்டுண்டு கிடந்தவர் மேபல், ஆனால் அந்தப் படமே கிண்டல்தான். பழைய மேடை நாடகங்களின் வழக்கத்தைக் கேலி செய்ய எடுத்தது. காப்பாற்ற வருகிறவர் கதாநாயகன்கூட இல்லை, பார்னி ஓல்ட்ஃபீல்ட் என்ற நிஜப் பந்தயக் கார் ஓட்டுநர், தானாகவே நடித்தார். நூறு வருடம் முன்பு அவர்கள் கேலி செய்த காட்சியைக் காட்டி நாம் அவர்களையே கேலி செய்துகொண்டிருக்கிறோம்.

முகத்தில் பை எறிவதும் இப்படி ஒரு கதைதான். கஸ்டர்ட் நிரப்பிய 'பை' என்ற மாவுப் பண்டத்தை எடுத்து இன்னொருவர் மூஞ்சியில் அப்புவது கீஸ்டோனின் அடையாளம். 1913இல் ரோஸ்கோ ஆர்பக்கிள் என்ற குண்டு நகைச்சுவை நடிகரின் முகத்தில் மேபல் எறிந்ததுதான் முதல் பை என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். அதற்கு நாலு வருடம் முந்தியே வேறு கம்பெனிப் படத்தில் பை பறந்திருக்கிறது. எனக்கு இதில் வருத்தமில்லை. மேபல் எதில் கெட்டிக்காரர் என்பதற்கு முதல் பை யார் எறிந்தது என்ற வழக்குத் தேவையில்லை.

எதில் கெட்டிக்காரர்? கீஸ்டோனில் மற்றவர்கள் எல்லோரும் கூடுதலாகச் செய்வார்கள். ஃபோர்டு ஸ்டெர்லிங் கோபப்பட்டால் எம்பிக் குதிப்பார், கையைக் கடித்துக்கொள்வார், கண்ணை உருட்டுவார். அந்த அமளிக்கு நடுவே மேபல் ஒரு கணம் சும்மா நிற்பார். நடந்தது என்ன என்று அவர் மனத்தில் ஓடுவது முகத்தில் வந்து போகும். அப்புறம் கண்ணைச் சற்றுத் திருப்பி நம்மைப் பார்ப்பார். "பார்த்தீர்களா இந்த ஆளை?" என்று கேட்பதுபோல ஒரு பார்வை. ஓவியர்கள் முன் அசையாமல் உட்கார்ந்த பழக்கமோ என்னவோ, நிற்கத் தெரிந்த நடிகை. அதோடு, அழகான பெண்ணும் அவரே, சேற்றில் விழுகிறவரும் அவரே. நம் படங்களில் பல காலம் கதாநாயகிக்கு ஒருத்தி, சிரிப்புக்கு ஒருத்தி என்று வைத்திருந்தார்கள்.

1913இல் வந்த 'மேபல்ஸ் டிராமாட்டிக் கரியர்' எனக்கு மிகவும் பிடித்தது. மேபல் ஒரு வீட்டு வேலைக்காரி. வீட்டுக்காரி மகன், செனட்டே நடித்த அசட்டுப் பாத்திரம், அவளைக் காதலிக்கிறான். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை, நகரத்துப் பெண் ஒருத்தி வந்ததும் அவனும் மனம் மாறிவிடுகிறான். மேபல் வெளியேறிச் சினிமாக்காரி ஆகிறாள். சில காலம் கழித்து அவன் ஒரு சின்னத் திரையரங்குக்குள் நுழைகிறான். திரையில் மேபல்! ஒரு வில்லன் அவளைக் கொடுமைப்படுத்துகிறான். பார்த்துக்கொண்டிருந்த நம் ஆள் துப்பாக்கியை உருவித் திரையைச் சுட்டுவிடுகிறான். கூட்டம் சிதறி ஓடுகிறது. பிறகு அந்த வில்லன் நடிகனைத் தேடிப் போனால், அவன் மேபலோடும் குழந்தைகளோடும் சந்தோஷமாகக் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறான்.

திரையில் நடப்பதை நிஜம் என்று நம்பித் துப்பாக்கி எடுக்கும் ரசிகனை வைத்து 1913லேயே சிரித்திருக்கிறார்கள்.

சாப்ளின் 1913 கடைசியில் கீஸ்டோனுக்கு வந்தார், வாரம் 150 டாலர் சம்பளம். இங்கிலாந்து மேடையில் தேறியவர், சினிமாவுக்குப் புதுசு. வசந்த காலத்தில் 'மேபல் அட் த வீல்' என்ற கார்ப் பந்தயப் படம், இயக்கம் மேபல். அங்கேதான் சண்டை வெடித்தது. சாப்ளின் 1964இல் வந்த தன் சுயசரிதையில் இதைச் சொல்கிறார். வில்லனான அவர் சாலையில் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். குழாயை மிதித்துக்கொண்டு நின்று, தண்ணீர் வரவில்லையே என்று முனைக்குள் எட்டிப் பார்த்து, காலை எடுத்ததும் முகத்தில் அடித்தால் நன்றாக இருக்குமே என்று யோசனை சொல்கிறார். நேரமில்லை, சொன்னதைச் செய்யுங்கள் என்கிறார் மேபல். இவ்வளவு சின்னப் பெண் எனக்குச் சொல்லித்தருவதா என்று சாப்ளின் நடைபாதை ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டார். செனட் அவரை வேலையை விட்டு அனுப்பவே இருந்தாராம். அதற்குள் நியூயார்க்கிலிருந்து சாப்ளின் படங்கள் இன்னும் வேண்டும் என்று தந்தி வந்துவிட்டது.

சாப்ளின் மேதை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் குழாயை மிதித்து முகத்தில் தண்ணீர் அடிப்பதை லூமியேர் சகோதரர்கள் 1895லேயே தோட்டக்காரனை வைத்து எடுத்துக் காட்டியாயிற்று. பந்தயக் காட்சி எடுக்க வெளிச்சம் போய்க்கொண்டிருக்கும் நேரத்தில் இருபது வருடப் பழசை ஒருவர் யோசனையாகக் கொண்டுவந்தால் நானும் நேரமில்லை என்றுதான் சொல்லியிருப்பேன். மேபல் தரப்பை அவர் வாயால் கேட்க வழியில்லை. சாப்ளினும் செனட்டும் வயதான பிறகு நிதானமாகச் சுயசரிதை எழுதினார்கள். அந்த வயதுவரை மேபல் இருக்கவில்லை.

சண்டைக்குப் பிறகு இருவரும் சமாதானமாகி அந்த வருடம் முழுக்கச் சேர்ந்து நடித்தார்கள். 'காட் இன் எ காபரே' படத்தில் சாப்ளினை மேபல் மறுபடியும் இயக்கினார். வருடக் கடைசியில் ஆறு சுருள் நீளத்துக்கு 'டில்லீஸ் பங்சர்டு ரொமான்ஸ்' வந்தது. முழுநீள நகைச்சுவைப் படங்களில் முதல் வரிசை. கதாநாயகி மேடையில் புகழ்பெற்ற மேரி டிரெஸ்லர். சாப்ளினும் மேபலும் கூட்டுத் திருடர்கள். திருட்டுப் பணத்தோடு இருவரும் சினிமாவுக்குப் போக, திரையில் இவர்களைப் போலவே திருடர்கள் கதை ஓடுகிறது. இருக்கையில் நெளிகிறார்கள். மேபலின் முகம் மட்டும் போதும், திரையில் ஓடுவது என்ன என்று நமக்குப் புரிந்துவிடும்.

அதே 1914இல் அவர் எழுதி இயக்கி நடித்த 'மேபல்ஸ் பிளண்டர்' இப்போது அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இருக்கிறது, 2009இல் சேர்த்தார்கள். அலுவலகத்தில் தட்டச்சு வேலை செய்யும் பெண், முதலாளி மகனோடு ரகசிய நிச்சயம், முதலாளியோ தானும் வழிகிறார். காதலனை ஒரு பெண் கட்டிப்பிடிப்பதைப் பார்த்துவிட்டு, கார் ஓட்டுநர் வேடத்தில் மேபல் பின்தொடர்கிறாள். வந்தவள் அவன் தங்கை என்பது கடைசியில்தான் தெரிகிறது. பழைய சரக்குதான். ஆனால் கையைப் பிடிக்கும் முதலாளியிடம் சிரித்துக்கொண்டே நழுவும் அந்த முகத்தை இன்றைக்கும் எந்த அலுவலகத்திலும் பார்க்கலாம்.

ஆர்பக்கிளோடு ஜோடி சேர்ந்த படங்களும் நிறைய. மலை போன்ற மனிதர், பக்கத்தில் ஐந்தடிப் பெண். 1916இல் வந்த 'ஃபேட்டி அண்ட் மேபல் அட்ரிஃப்ட்' படத்தில் புதுமணத் தம்பதியின் வீடு கட்டில், நாயோடு கடலில் மிதந்து போய்விடும். விடிந்து எழுந்தால் படுக்கையைச் சுற்றித் தண்ணீர். கீஸ்டோனில் இவ்வளவு மென்மையான படம் வேறில்லை என்பேன்.

செனட்டுக்கும் மேபலுக்கும் கல்யாணம் நடக்க இருந்தது, 1915இல் முறிந்தது. ஏன் முறிந்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை. கல்யாணம் போனாலும் தொழில் போகவில்லை. மறு வருடம் மேபல் பெயரிலேயே தனிக் கம்பெனியும் ஸ்டுடியோவும் அமைத்துக் கொடுத்தார் செனட், அந்தக் கட்டடம் லாஸ் ஏஞ்சலஸில் இன்றும் நிற்கிறது. அங்கே எடுத்த ஒரே படம் 'மிக்கி'. சுரங்க ஊரில் வளர்ந்த முரட்டுப் பெண் நகரத்து உறவினர் வீட்டில் வேலைக்காரி ஆகும் கதை. எடுத்து முடித்தும் பெட்டிக்குள் கிடந்து, 1918 ஆகஸ்டில்தான் திரைக்கு வந்தது. வந்ததும் ஊரெல்லாம் அதே பேச்சு. அதன் பெயரில் ஒரு பாட்டு, அதன் பெயரில் உடைகள். அதற்குள் மேபல் கோல்ட்வின் கம்பெனிக்குப் போயிருந்தார். அங்கே நடித்தவற்றில் பெரும்பாலானவை இன்று இல்லை.

அப்புறம் வந்த வருடங்களைப் பற்றித்தான் புத்தகங்கள் அதிகம், நான் வேகமாகக் கடக்கிறேன். 1921இல் ஆர்பக்கிள் மீது ஒரு மரண வழக்கு. இறுதியில் விடுதலையானார், ஆனால் படங்கள் முடங்கின, அவரோடு மேபல் நடித்த படங்களும் சேர்ந்தே. 1922 பிப்ரவரி 1ஆம் தேதி மாலை, நண்பரும் இயக்குநருமான வில்லியம் டெஸ்மண்ட் டெய்லர் வீட்டுக்குப் புத்தகம் வாங்கப் போனார் மேபல். டெய்லர் கார் வரை வந்து வழியனுப்பினார். மறுநாள் காலை அவர் வீட்டுக்குள் சுடப்பட்டுக் கிடந்தார். மேபல் மீது சந்தேகமில்லை என்று போலீஸ் சொன்னது, கொலையாளி இன்றுவரை யாரென்று தெரியாது. பத்திரிகைகளுக்குத் தேவைப்பட்டது ஒரு முகம், கிடைத்தது மேபலின் முகம். 1924 புத்தாண்டு நாளில் மேபலின் கார் ஓட்டுநர், அவருடைய துப்பாக்கியாலேயே கோர்ட்லண்ட் டைன்ஸ் என்ற பணக்காரரைச் சுட்டான். டைன்ஸ் பிழைத்துக்கொண்டார், ஓட்டுநர் விடுதலையானான். சில ஊர்களில் மேபல் படங்களுக்குத் தடை போட்டார்கள். சுட்டவன் அவரல்ல, சுடப்பட்டவரும் அவரல்ல.

நடுவில் 1923இல் வந்த 'தி எக்ஸ்ட்ரா கேர்ள்' படத்தில் ஒரு சிங்கத்தைக் கயிற்றில் கட்டி ஸ்டுடியோ முழுக்க இழுத்துக்கொண்டு நடப்பார், சிங்க வேடம் போட்ட நாய் என்று நினைத்துக்கொண்டு. வழியில் இருக்கிறவர்கள் எல்லாம் தெறித்து ஓட, இவர் மட்டும் வேலை முடிக்கும் அவசரத்தில். நடிகையாகும் கனவோடு வந்து உடை அறையில் வேலை செய்யும் பெண்ணின் கதை அது. வயது முப்பதைத் தாண்டிவிட்டது, கன்னம் ஒட்டியிருக்கிறது, அந்தக் கணக்கும் நிதானமும் அப்படியே.

1926இல் ஹால் ரோச் கம்பெனியில் சில குறும்படங்கள். அந்த வருடமே நடிகர் லூ கோடியோடு திருமணம். காசநோய் ஏற்கெனவே முற்றிக்கொண்டிருந்தது. பேசும்படம் வந்தபோது அவரால் நடிக்க முடியவில்லை, ஒரு வசனம்கூடத் திரையில் பேசாமல் 1930 பிப்ரவரி 23 அன்று கலிஃபோர்னியாவின் மொன்ரோவியாவில் ஒரு சானடோரியத்தில் இறந்தார். வயது 37. கல்லறையில் பிறந்த வருடம் 1895 என்று பொறித்திருக்கிறார்கள்.

அமெரிக்க ஊமைக்காலத்து முழுநீளப் படங்களில் வெளியான வடிவிலேயே முழுசாக மிஞ்சியவை 14 சதவீதம்தான் என்று 2013இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் கணக்கெடுத்துச் சொன்னது. அன்றைய ஃபிலிம் நைட்ரேட், சீக்கிரம் பற்றிக்கொள்ளும், பற்றாவிட்டாலும் பிசுபிசுத்துப் பொடியாகும். மிஞ்சியது எங்கே கிடைக்கிறது என்பதுதான் வேடிக்கை. பிரதிகள் ஊர் ஊராகச் சுற்றிக் கடைசியில் நியூசிலாந்து போன தூரதேசத்துக்குப் போய்ச்சேரும். திருப்பி அனுப்பும் கப்பல் செலவுக்குப் படம் பெறாது என்று அங்கேயே விட்டுவிடுவார்கள். சேகரிப்பாளர்கள் எடுத்து வைத்துக்கொண்டார்கள். 2010இல் அங்கிருந்து அமெரிக்காவுக்குத் திரும்பியவற்றில் மேபல் இயக்கி நடித்த 1914ஆம் வருடப் படம் ஒன்றும் இருந்தது.

ஏறக்குறைய அதே சமயத்தில் சாப்ளினின் கீஸ்டோன் படங்களையும் பொலோன்யா, லண்டன், பாரிஸ் காப்பகங்கள் சேர்ந்து துடைத்துப் புதுப்பித்தன. அப்போதுதான் அந்த எறும்போட்டத்தின் காரணம் எனக்குப் புரிந்தது. அன்றைய கேமராவை ஒளிப்பதிவாளர் கையால் சுற்றுவார். நொடிக்கு 16 சட்டகம், 18 சட்டகம் என்று ஆளுக்கு ஆள், காட்சிக்குக் காட்சி மாறும். துரத்தல் காட்சிக்கு வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றுவதும் உண்டு, திரையில் வேகமாகத் தெரியட்டும் என்று. பேசும்படம் வந்ததும் 24 என்று நிலைத்தது. 16இல் எடுத்ததை 24இல் ஓட்டினால் ஒன்றரை மடங்கு வேகம். வீசிடியில் நாங்கள் பார்த்தது அதைத்தான். ஒரு கணம் சும்மா நிற்பதுதான் மேபலின் வித்தை என்றேனே, அந்தக் கணமே காணாமல் போயிருந்தது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது புதுப்பித்த பிரதியை அத்தைக்குப் போட்டுக் காட்டினேன். இப்போது கீரை ஆயக் கண் சரியாகத் தெரிவதில்லை, சும்மா உட்கார்ந்து பார்த்தார். பெயர் சொன்னேன். மேபல், மேபல் என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். தாழ்வாரம் வந்தது, கதவு சாத்தியது, கட்டில் வந்தது. அடியில் கிடந்த முகத்தை நன்றாகக் குனிந்து பார்த்தார்.

"இவ நிதானமாத்தான்டி பண்ணியிருக்கா. நம்ம பொட்டிதான் அன்னிக்கு வேகமா ஓட்டிருச்சு."